இரண்டு நாற்பதின் மிச்சம்

உப்போடைப்பட்டியில் முதன்முதலாக நேரம் மிச்சமானது ஒரு புதன்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு. பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரமும், தீப்பெட்டி ஆபீஸ் வாசல் கடிகாரமும், ரோஸ்லின் டீச்சரின் கைக்கடிகாரமும் சொல்லிவைத்தாற்போல் இரண்டு நாற்பதில் நின்றன. மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. செல்போன்களில் சிக்னல் ஒவ்வொரு கோடாக இறங்கி இல்லாமல் போனது. டவுனிலிருந்து வரும் மினிபஸ் ஊர் எல்லைக் கல்லுக்கு நாலடி அந்தப் பக்கம், பின்சக்கரம் கிளப்பிய புழுதி பஞ்சுப்பொதிபோல் அந்தரத்தில் தொங்க, ஜன்னலோரத்தில் ஒருவர் துப்பிய வெற்றிலைச் சாறு தரையைத் தொடாமல் சிவப்புக் கயிறாக நிற்க, அப்படியே நின்றுவிட்டது. ஊருக்குள் மட்டும் எல்லாம் நடந்தது. அடுப்பில் பால் பொங்கியது, நாய்கள் சொறிந்துகொண்டன, பிள்ளைகள் சிலேட்டில் அழித்து அழித்து எழுதின. ஒரு டீ ஆற்றிக் குடித்து முடிக்கிற நேரம் அப்படி இருந்தது. பிறகு வெற்றிலைச் சாறு மண்ணில் விழுந்தது, பஸ் ஊருக்குள் வந்தது, கடிகாரங்கள் இரண்டு நாற்பத்தொன்றுக்கு நகர்ந்தன.

கரண்ட் போய் வந்தது என்று சொல்லிக்கொண்டார்கள். வியாழக்கிழமையும் அதே இரண்டு நாற்பதுக்கு அதே ஒரு டீ நேரம் வந்தது, வெள்ளிக்கிழமையும் வந்தது. சனிக்கிழமை டீக்கடைக்காரர் இரண்டு முப்பத்தெட்டுக்கே பாய்லரைத் தயாராக வைத்திருந்தார், ஏனென்றால் அந்த நேரத்துக்குள் வந்து குடித்துவிட்டுப் போக ஆள் சேர்ந்திருந்தது. பழகிக்கொள்ள அந்த ஊருக்கு மூன்று நாள் போதும். மழை வராத வருஷங்களுக்கும், வந்து கெடுத்த வருஷங்களுக்கும் பழகிய ஊர் அது.

சந்தனமாரி அந்த ஊரின் கடைசித் தெருவில் அக்காள் சீனியம்மாளோடு இருந்தாள். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் கூடிவரவில்லை, கம்ப்யூட்டர் படித்தவள். சென்னையில் ஒரு கம்பெனி அனுப்புகிற பெயர்ப்பட்டியல்களை வீட்டிலிருந்தே சரிசெய்து திருப்பி அனுப்புவது அவள் வேலை. நாற்பது லட்சம் வரி, ஐம்பது லட்சம் வரி என்று வரும். ஒவ்வொரு வரியிலும் பெயர், தகப்பன் பெயர், தெரு, ஊர், நடுவில் காற்புள்ளிகள். அந்த வரிகளைக் காற்புள்ளி பார்த்துத் துண்டு துண்டாக வெட்டித் தர ஒரு கம்ப்யூட்டர் நிரல் இருந்தது. வடக்கே கடலோரத்தில் குளிர்நாடு ஒன்றில் இருந்த ஓலாவ் என்பவர் பதினேழு வருஷமாகத் தனியாகப் பார்த்துக்கொள்கிற நிரல் அது. அவர் மொழியில் சல்லடை என்று பொருள்படும் பெயர் அதற்கு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் உள்ளே எட்டிப் பார்க்கலாம், குறை தெரிந்தால் இப்படி மாற்றலாமே என்று எழுதிப் போடலாம். நல்லது என்று பட்டால் ஓலாவ் சேர்த்துக்கொள்வார், சேர்த்துக்கொண்டதும் சொன்னவர் பெயரைப் பங்களித்தோர் பட்டியலில் எழுதுவார். உலகத்தில் பாதி இயந்திரங்களுக்குள், சொந்தக்காரனுக்கே தெரியாமல், அந்தச் சல்லடை ஓடிக்கொண்டிருந்தது.

பட்டியல் வெட்டுப்பட்டு முடிகிறவரை காத்திருப்பதே தொழிலாகிப் போனவள் ஒருநாள் அந்த நிரலுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு வரியையும் அது இரண்டு தடவை படித்துக்கொண்டிருந்தது. எங்கே முடிகிறது என்று பார்க்க ஒரு தடவை முதலிலிருந்து கடைசிவரை நடந்துபோய், பிறகு திரும்பி வந்து, காற்புள்ளிகளைத் தேட மறுபடி முதலிலிருந்து நடந்தது. ஒரே நடையில் இரண்டையும் பார்த்துவிடலாம். அவள் ஒன்பது வரிகளை மாற்றி, ஏன் மாற்றினாள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் பணிவாக எழுதிப் போட்டாள். பன்னிரண்டு நாள் கழித்து ஓலாவிடமிருந்து அதேமாதிரி அரைகுறை ஆங்கிலத்தில் பதில் வந்தது: "அளந்து காட்டுங்கள்." அளந்து காட்டினாள். லட்சம் வரிக்கு மிச்சமானது ஓர் இமைப்பொழுதுகூட இல்லை. "சிறிது. ஆனால் உண்மை. சேர்த்துவிட்டேன்" என்று அடுத்த பதில் வந்தது ஒரு புதன்கிழமை பிற்பகல், இரண்டு நாற்பதுக்கு.

அவள் அப்போது இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பட்டியலில் தன் பெயர் வந்திருப்பதைத்தான் பார்த்தாள். ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும் காலேஜ் சான்றிதழுக்கும் வெளியே எழுதப்பட்டிருந்த அவள் பெயர் அது ஒன்றுதான். அன்று சாயங்காலம் அக்காளிடம் காட்டினாள்.

"எங்கட்டி இருக்கு இது?" என்றாள் சீனியம்மாள், எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு.

"எல்லா ஊர்லயும் இருக்குக்கா."

"நம்மூர்லயுமா?"

"நம்மூர்லயுந்தான்."

சீனியம்மாள் சிரித்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து, ஊர் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தொழிற்சாலையில், பெட்டிக்குள் குச்சி அடைக்கிறவள். தங்கச்சியின் பள்ளிக்கூடம், காலேஜ், கம்ப்யூட்டர் எல்லாம் அந்தப் பெட்டிகளிலிருந்து வந்தவை. தங்கச்சி தூங்கிய பிறகு படுத்து, தங்கச்சி விழிக்கும் முன் எழுந்து, அவள் தூங்கி யாரும் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை கடிகாரங்கள் நின்றபோது சந்தனமாரி அக்காள் மறந்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்கத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிருந்தாள். மின்விசிறி நின்றதால் மேஸ்திரி வெயிலுமுத்து, "சும்மா இருங்க, கரண்ட் வரட்டும்" என்று சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே முப்பது பெண்கள், மருந்து நனைத்த தீக்குச்சிகளை அடுக்கிய சட்டங்களுக்கு நடுவில், தரையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். சீனியம்மாள் பெட்டிக் கட்டு ஒன்றில் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்து, யாரோ கூப்பிட்டு அதற்குப் பதில் சொல்ல வந்தவள் மாதிரியான முகத்தோடு தூங்கினாள். சந்தனமாரி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு டீ நேரம் முழுக்க வாசலில் நின்று அதைப் பார்த்தாள். இது இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த மாற்றம் ஏழு வரி. வெட்டிய ஒவ்வொரு துண்டையும் நிரல் வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அதன் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டுப் பிரதியைத் தூக்கி எறிந்தது. பிரதி எதற்கு, இருக்கிற இடத்திலேயே பார்க்கலாமே என்று எழுதினாள். ஒரு திங்கட்கிழமை பிற்பகல் ஓலாவ் அதைச் சேர்த்த கணத்தில், ஊரில் வழக்கமாக வந்து போகிற ஒரு டீ நேரம் போகாமல் நீண்டது. உலை வைத்து, கொதித்து, அரிசி போட்டு, வெந்து, வடித்து இறக்குகிறவரை மினிபஸ் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றது. சந்தனமாரி தன் அறையில் உட்கார்ந்து, பேட்டரியில் ஓடிய லேப்டாப் திரையில் நின்றுபோன இரண்டு நாற்பதையும் ஓலாவின் பதிலில் இருந்த இரண்டு நாற்பதையும் பார்த்தாள். உலகம் முழுக்க எத்தனையோ கோடி இயந்திரங்களில் எத்தனையோ கோடி வரிகளில் மிச்சமான இமைப்பொழுதின் துணுக்குகள் எல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன என்று புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை, தேவைப்பட்டிருந்தாலும் அன்றைக்கு நேரம் நிறைய இருந்தது.

யாரிடமும் சொல்லாமல் மூன்றாவது மாற்றத்தை எழுதினாள், நான்காவதை எழுதினாள். பெரும்பாலான வரிகளில் மேற்கோள்குறி கிடையாது, இருந்தும் நிரல் ஒவ்வொரு எழுத்திடமும் நீ மேற்கோள்குறியா நீ மேற்கோள்குறியா என்று கேட்டுக்கொண்டு போனது. வரிக்கு ஒரு தடவை கேட்டால் போதும் என்றாள். ஒவ்வொரு வரியையும் போட்டுவைக்க அது நினைவகத்தில் புதுப் பாத்திரம் எடுத்தது. ஒரே பாத்திரத்தைக் கழுவிக் கழுவி வைத்துக்கொள்ளலாமே என்றாள். ஓலாவ் ஒவ்வொன்றையும் நாள்கணக்கில் யோசித்து, அளக்கச் சொல்லி, சேர்த்தார். புரட்டாசி பிறந்தபோது உப்போடைப்பட்டியின் இரண்டு நாற்பது, இரண்டு உலை சோறு வடித்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒரு முழுத் தூக்கம் போட்டு எழுகிற அளவுக்கு வளர்ந்திருந்தது.

ஊர் அதற்கு மிச்சம் என்று பெயர் வைத்தது. "மிச்சத்துல வாரேன்" என்றால் எல்லோருக்கும் புரிந்தது. மிச்சத்தில் தலைக்கு ஊற்றினார்கள், மிச்சத்தில் கூரை வேய்ந்தார்கள், மூன்று வருஷமாகப் பேசாத பங்காளிகள் மிச்சத்தில் சண்டையை முழுதாகப் போட்டு முடித்துச் சமாதானம் ஆனார்கள். மிச்சத்தில் வைக்கிற நைவேத்தியம் உச்சிக்காலத்தில் சேருமா சாயரட்சையில் சேருமா என்று கோயிலில் பேச்சு எழுந்து, இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒரு பூசை ஏற்பட்டது. ரோஸ்லின் டீச்சர் அஞ்சாம் வகுப்புக்கு மிச்சத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாடுவரை போய்விட்டார்கள். எல்லையைத் தாண்டிப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பிய சிலர், கல்லுக்குப் பக்கத்தில் காற்று ஆறிய கூழ்போல இறுகி, காலைத் தூக்கினால் அடுத்த அடிக்குத் தரை வராமல், திரும்பி வந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்கு இரண்டு நாற்பதுக்கு அடுத்து இரண்டு நாற்பத்தொன்றுதான். பஞ்சாயத்திலிருந்து மேலிடத்துக்கு ஒரு மனு போனது. "மனுதாரர்கள் குறிப்பிடும் நேரம் பதிவேடுகளில் காணப்படவில்லை" என்று பதில் வந்தது.

வெயில் ஒன்றுதான் தொந்தரவு. மிச்சத்தில் சூரியன் அசையாது. இரண்டு நாற்பது வெயில் இரண்டு நாற்பது வெயிலாகவே, அத்தனை நேரமும், அதே சாய்வில், அதே சுவரில் அடித்தது.

ஐப்பசியில் ஒருநாள் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி டவுனிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து, தெரியாமல் மிச்சத்துக்குள் மாட்டிக்கொண்டார். முப்பது பெண்கள் பட்டப்பகலில் படுத்துத் தூங்குவதையும், எழுந்து முகம் கழுவி வந்து உட்காரும்போது கடிகாரம் அதே இரண்டு நாற்பதில் இருப்பதையும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, கூட்டல் தெரிந்த மனிதர்.

"வெயிலுமுத்து, ஷிஃப்ட்டு எத்தன மணி வரைக்கும்?" என்று கேட்டார்.

"அஞ்சு மணி வரைக்கும் அண்ணாச்சி."

"மணி ஓடலன்னா ஷிஃப்ட்டு முடியலன்னுதான அர்த்தம்? ஷிஃப்ட்டுக்குள்ள தூங்கலாமா?"

வெயிலுமுத்து நின்றுபோன மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். பெட்டி அடைக்கக் கரண்ட் வேண்டாம், கை போதும்.

அடுத்த நாளிலிருந்து மிச்சத்தில் வேலை நடந்தது. ஒரு முழு நாள் வேலை நடுவில் இன்னொரு அரை நாள் வேலை, மின்விசிறி இல்லாமல், அசையாத வெயிலில். போக வேறு வேலை இல்லாத ஊரில் யாரும் வேலையைவிட்டுப் போகவில்லை. தீப்பெட்டி ஆபீஸைப் பார்த்து செங்கல் சூளையும் அப்படியே செய்தது, டியூஷன் வைத்திருந்தவர்கள் அப்படியே செய்தார்கள், வீட்டில் இருந்த மாமியார்கள்கூட, மிச்சத்தில் சும்மா இருக்கிற மருமகளைப் பார்த்து, அந்த மாவையாவது அரைக்கலாமே என்றார்கள். இரவு மட்டும் பழைய அளவுக்கே வந்தது, பழைய அளவுக்கே விடிந்தது.

ஊர் களைத்தது. தை பிறப்பதற்குள் பிள்ளைகளின் சீருடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ரோஸ்லின் டீச்சர் சுவரில் கோடு போட்டு அளந்து, வருஷத்துக்கு வளர வேண்டியதற்கு மேல் வளர்ந்திருக்கிறார்கள் என்று கண்டாள். கர்ப்பிணி ஒருத்திக்கு ஒரு மாதம் முன்னாலேயே வலி எடுத்தது. டவுன் டாக்டர் குறைமாதக் குழந்தை என்று எழுத உட்கார்ந்து, நிறைமாத எடையைப் பார்த்துப் பேனாவை மூடினார். இரட்டைச் சகோதரிகளில் வெளியூரில் கட்டிக்கொடுத்தவள் பொங்கலுக்கு வந்தபோது, உள்ளூர்க்காரியை அவளுடைய மூத்தவள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மிச்சம் உடம்பில் எழுதிக்கொண்டிருந்தது, காலண்டரில் எழுதவில்லை. சிரிப்புச் சத்தம் குறைந்தது, சண்டைகூடக் குறைந்தது. பேச ஆரம்பித்த வாக்கியங்களைப் பாதியில் விட்டுவிட்டு மனிதர்கள் சுவரைப் பார்த்தார்கள். கோயிலில் புதுப் பூசையைப் பூசாரி சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார், சாமிக்கும் களைப்பாக இருக்கும் என்றார்.

சந்தனமாரி மாற்றங்கள் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். நிறுத்தியும் மிச்சம் குறையவில்லை. சேர்த்தது சேர்த்ததுதான், ஓடுகிற இயந்திரங்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டுதான் இருந்தன. அக்காள் சோற்றுத் தட்டின் முன் கை நனைத்தபடியே தூங்கிப்போவதை அவள் பார்த்தாள். காது ஓரம் நரைத்ததைப் பார்த்தாள். நாற்பத்தேழு வயதுக்காரியின் கழுத்தில் வேறொரு வயது வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்து, "மாத்திர போட்டியாக்கா?" என்று கேட்டாள்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மிச்சம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், சீனியம்மாள் குச்சிச் சட்டம் ஒன்றைத் தூக்கும்போது நின்றபடியே கண்ணயர்ந்தாள். சட்டம் சரிந்து இன்னொரு சட்டத்தில் உரசியது. ஒரு குச்சி பற்றி, நூறு குச்சி பற்றி, ஒரு மூச்சுவிடுகிற நேரம் வெள்ளையாக எரிந்து அணைந்தது. மற்றவர்கள் சாக்கை நனைத்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் சீனியம்மாளின் இடது கை உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை வெந்திருந்தது.

சத்தம் கேட்டு சந்தனமாரி ஓடிவந்தபோது வெயிலுமுத்து செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லைக் கல்லுக்கு ஓடினார். ஐம்பத்தைந்து வயது மனிதர், இறுகிய காற்றைத் தோளால் முட்டினார், காலால் உதைத்தார். நாலடி தள்ளி மினிபஸ் டிரைவர் பீடியைப் பற்றவைக்கிற பாவனையில் உறைந்திருந்தான். "தம்பி! ஏ தம்பி!" என்று அவர் கத்தியது அவனைப் போய்ச் சேரவில்லை.

ஆபீஸில் சந்தனமாரி அக்காளின் கையை வாளித் தண்ணீரில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் சூடேறச் சூடேற யாரோ மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு உலை சோறு வடித்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒரு முழுத் தூக்கம் போடுகிற நேரம். அதில் பாதிகூட இன்னும் போயிருக்கவில்லை. ஒவ்வொரு துணுக்கும் அவள் தேடித் தேடிச் சேர்த்தது. ஒன்பது வரி, ஏழு வரி, நாலு வரி என்று சேர்த்தது. அது தீருவதற்காக அவள் சுவரில் அசையாத வெயிலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். சீனியம்மாள் அழவில்லை, பல்லைக் கடித்து மூச்சுவிட்டாள்.

"நான்தான்க்கா" என்றாள் சந்தனமாரி.

"என்னட்டி?"

"இந்த மிச்சம். நான்தான் கொண்டாந்தேன்." எல்லாவற்றையும் சொன்னாள். வரியை இரண்டு தடவை படித்தது, பிரதி எடுத்தது, மேற்கோள்குறி, பாத்திரம், ஓலாவ், இரண்டு நாற்பது. சுற்றி இருந்த பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோபப்படுகிற தெம்பு யாருக்கும் இல்லை.

"எதுக்குட்டி?" என்று கேட்டாள் சீனியம்மாள் கடைசியில்.

"நீ தூங்குனதப் பாத்தேன்."

சீனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு வலது கையால் தங்கச்சியின் தலையைத் தொட்டு, "எடுத்துப் போட்ரு தாயி" என்றாள்.

அன்று கடிகாரம் நகர்ந்து, மினிபஸ்ஸிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டுப் போட்டுக் கூட்டிவந்த பிறகு, சந்தனமாரி ஓலாவுக்கு எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். நம்பமாட்டார் என்று தெரிந்தே எழுதி, என் மாற்றங்கள் நான்கையும் நீக்கிவிடுங்கள் என்று முடித்தாள்.

ஒரு வரிக்கு மேல் எழுதாத மனிதர் மறுநாளே நீளமாக எழுதினார். எங்கள் ஊரில் அது காலை ஒன்பது பத்துக்கு வந்தது என்று ஆரம்பித்திருந்தார். மீன்பிடிக்கிற சிறிய ஊர். அப்போது நான் இளைஞனைப்போல வேகமாக எழுதினேன், ஒவ்வொரு நிரலையும் தட்டித் தட்டி வேகமாக்கினேன். முதலில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு களைத்தார்கள், பிறகு ஒவ்வொரு குடும்பமாக ஊரைவிட்டுப் போனார்கள். அதன்பின்தான் வரியை இரண்டு தடவை படிக்கும்படி நானே மாற்றி எழுதினேன். பதினான்கு வருஷம் அதை யாரும் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்து எழுதியபோது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், ஆனால் ஒருத்தராவது இத்தனை கவனமாகப் படித்தாரே என்று இருந்தது, மன்னியுங்கள். இப்போது நீக்க முடியாது. எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், நான் நீக்கினாலும் அவர்கள் நீக்கமாட்டார்கள். ஆனால் அது யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஊருக்குத்தான் வரும். பங்களித்தோர் பட்டியலில் உங்கள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிவிடுகிறேன். இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன். எனக்கு எழுபத்தொன்று வயது. வந்தால் வரட்டும்.

சந்தனமாரி அதை அக்காளுக்குப் படித்துக் காட்டினாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சீனியம்மாள் கேட்டாள்.

"அந்த மனுசனுக்கு யாரும் இல்லையாமா?"

"இல்லையாம்."

"அப்ப அவரு தலையில கட்டாதட்டி. ஒத்தையில ஒரு மனுசன் எம்புட்டு நேரத்தத்தான் வச்சுக்கிட்டு இருப்பாரு?"

சந்தனமாரி இரண்டு நாள் யோசித்தாள். பட்டியலைத் திறந்து தன் பெயரைப் பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு எழுதினாள்: யார் பெயரும் வேண்டாம். என் பெயர் இருக்கும் இடத்தை வெறுமையாக விடுங்கள்.

பெயரில்லாத மாற்றத்தை வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி, ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும் என்று ஓலாவ் எழுதினார். அது எனக்கும் தெரியும் என்று அவள் எழுதினாள். அப்படியென்றால் இந்தச் சல்லடையில் நீங்கள் கைவைத்ததற்கு ஒரு தடயமும் இருக்காது, வேலை கேட்டுப் போகும்போதும் காட்ட முடியாது, யாரும் நம்பமாட்டார்கள் என்று அவர் எழுதினார். அதுவும் தெரியும் என்று எழுதினாள். ஆறு நாள் பதில் இல்லை. விதியை எப்படி மீறலாம் என்று சல்லடையைப் பயன்படுத்துகிறவர்கள் நாலு தேசத்திலிருந்து அவரைக் கேட்டுத் துளைத்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. ஏழாம் நாள் ஒரே வரி வந்தது: "செய்துவிட்டேன். நன்றி, பெயர் தெரியாத நண்பரே."

அன்று பிற்பகல் சந்தனமாரி தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். ஒரு கையால் லேபிள் ஒட்டச் சீனியம்மாள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். இரண்டு நாற்பது ஆனது. மின்விசிறிகள் நிற்கவில்லை. எல்லைக் கல்லைத் தாண்டி மினிபஸ் வருகிற சத்தம் கேட்டது. இரண்டு நாற்பத்தொன்று ஆனது. முப்பது பெண்களும் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கே போனது அந்த மிச்சமெல்லாம் என்று யாருக்கும் தெரியாது. பூமியில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் இமைப்பொழுதின் ஆயிரத்தில் ஒரு பங்காகப் பிரிந்துபோய், ஒருவருக்கும் தெரியாமலே செலவாகியிருக்கலாம். ஏறிய நரை இறங்கவில்லை. வளர்ந்த பிள்ளைகள் வளர்ந்தபடிதான் இருந்தார்கள்.

சீனியம்மாள் பசைக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவைத்தாள். எழுந்து, குச்சிச் சட்டங்களுக்கு நடுவில் இருந்த வெறும் தரையைக் காலால் துடைத்துவிட்டு, கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், அவளும் படுத்தாள். பிறகு ஒருத்தி, பிறகு நாலு பேர், பிறகு எல்லோரும்.

"ஏ தாயி, என்ன தாயி இது?" வெயிலுமுத்து பதறிப்போய் உள்ளே வந்தார். "மணி ஓடுது தாயி. இது மிச்சம் இல்ல. இது முதலாளி நேரம்."

"தெரியும் அண்ணாச்சி" என்றாள் சீனியம்மாள் கண்ணைத் திறக்காமல்.

முதலாளி இரண்டு நாள் கழித்து வந்தார், சத்தம் போட்டார், மூன்று வாரம் பேச்சு நடந்தது, மத்தியானம் முக்கால் மணி நேரம் படுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்தானது. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வெயிலுமுத்து, படுத்திருந்த முப்பது பேரையும் ஒரு தடவை பார்த்தார், அத்தனை மாதமாகத் தானும் சரியாகத் தூங்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்து, வாசல்படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"எம்புட்டு நேரம் தாயி?" என்று கேட்டார்.

"முழிப்பு வர்ற வரைக்கும்" என்றாள் சீனியம்மாள்.

சந்தனமாரி செருப்பைக் கழற்றிவிட்டு, அவரைத் தாண்டி உள்ளே போய், அக்காளுக்குப் பக்கத்தில் இடம் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.